பதினான்காவது கத்தி

அந்தச் சத்தம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. டம்ளர் விளிம்பை நகத்தால் சுண்டினால் வருமே, அவ்வளவுதான். ஆனால் அது எண்ணெய்க்குள்ளிருந்து வந்தது. பழுக்கக் காய்ச்சிய கத்தியை எண்ணெயில் முக்கும்போது அப்படி ஒரு சத்தம் கேட்டால், இரும்பு எங்கோ விரிசல் விட்டுவிட்டது என்று பொருள். வீட்டில் பொழுதுபோக்காகக் கத்தி செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவருக்கும் தெரியும். அதற்கு முன் மூன்று முறை கேட்டிருக்கிறார்.

பகலில் அவர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறார். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று பத்தொன்பது வயதில் சேர்ந்த வேலை. இப்போது நாற்பத்தெட்டு. முதலாளி கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ கிளம்பியிருப்பார். முதலாளியோ குரலை உயர்த்தாதவர். லேசாக இருமினால்கூட வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்கிறவர். விட்டுப் போக ஒரு காரணத்தையும் தராத மனிதரிடம் இருபத்தொன்பது வருடம் கழிந்துவிடுகிறது. பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் கல்லில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து பிரேமுக்குள் உட்கார வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால் உட்காராது, குறைந்தால் நிற்காது. சரியாக உட்கார்ந்துவிட்டாலோ அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. முன்னால் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறவர் "பிரேம் நல்லா இருக்கு" என்பார். அது பின்னறைக்குக் கேட்கும்.

ஆறு வருடத்துக்கு முன் தேய்ந்துபோன அரம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தியாக்கிப் பார்த்தார். அது கத்தி மாதிரிகூட இல்லை. ஆனாலும் செய்தவர் யாரென்று சொல்லக்கூடிய ஒரு பொருளை அன்றுதான் முதன்முதலாகக் கையில் பிடித்தார். அதற்குப் பிறகு விடவில்லை.

பட்டறை என்று அவர் சொல்வது குளியலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே தகரம் போட்ட ஒரு சந்து. ஒன்பது அடி நீளம், நாலடி அகலம். ஒரு கோடியில் சின்ன கேஸ் உலை, எண்ணெய் டின், இரும்பை இறுக்கிப் பிடிக்கச் சுவரில் பதித்த வைஸ். பட்டை ஓடும் தேய்ப்பு மெஷினைக் கதவுக்குப் பின்னால்தான் நிறுத்த முடியும், வேறு இடமில்லை. ஆகவே ஒன்று மெஷின் ஓடும், அல்லது கதவு திறக்கும். வேலை நடக்கும்போது யாரும் உள்ளே வர முடியாது. அவரும் சட்டென்று வெளியே போக முடியாது. மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவாள்.

மனைவி மாணவிகள் விடுதியின் சமையலறையில் வேலை செய்கிறாள். இருநூறு பேருக்குச் சமையல். காய் வெட்டும் மேஜை அவள் பொறுப்பு. ஒரு நாளைக்கு நாற்பது கிலோ அவள் கை வழியாகப் போகும். கத்தியைப் பற்றி அவளிடம் கருத்துக் கேட்பது நீதிபதியிடம் கேட்பது மாதிரி, தீர்ப்புத்தான் வரும். பதிமூன்று கத்திகளுக்கு வந்தது. "கனம்." "வழுக்குது." "வெங்காயம் ஒட்டிக்குது." ஏழாவதை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஷோகேஸ்ல வைக்கலாம், அங்கயும் ஓரமா வைக்கணும்" என்றாள். அவர் கோபப்படுவதில்லை. சொன்னதெல்லாம் சரியாக இருந்தது.

சத்தம் கேட்டது பதினான்காவது கத்தியில்.

இந்த வேலையில் அவருக்குக் கூட்டாளிகள் மூன்று பேர். ஒரு வெல்டர், ஒரு பல் டாக்டர், வேதியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் வெல்டரின் ஷெட்டில் கூடுவார்கள். மற்ற நாட்களில் போனில் ஒரு குழு, அதன் பெயர் "மேஜை மேல என்ன?" அவரவர் செய்துகொண்டிருக்கும் கத்தியைப் படம் பிடித்துப் போட வேண்டும். முடித்ததைப் போட்டால் மதிப்பு கிடையாது. பாதியில் இருப்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அங்கே அவர் பெயர் கண்ணாடி.

அவர்களுக்குள் ஒரே ஒரு விதி உண்டு. எண்ணெயில் சத்தம் கேட்ட கத்தியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் வைஸில் இறுக்கி உடைத்துவிட வேண்டும். உடைந்த முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரியும். நல்ல இரும்பு சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். பழைய விரிசல் என்றால் எண்ணெய் ஊறிய கறுப்புக் கோடு. துண்டுகளைப் பெயிண்ட் டப்பா ஒன்றில் போடுவார்கள். டப்பாவில் முக்கால்வாசி வெல்டருடையது. அதில் அந்த மனிதருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பதினான்காவதை அவர் கொண்டுபோகவில்லை. எண்ணெயிலிருந்து எடுத்தபோது அது நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அதற்கு முன் எதுவுமே இவ்வளவு நேராக வந்ததில்லை. குறடு டின் விளிம்பில் இடித்திருக்கலாம் என்று நினைத்தார். பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சட்டைப் பொத்தான் அடித்திருக்கலாம். மனிதனுக்கு வேண்டிய சாட்சிகள் எப்போதும் பக்கத்திலேயே கிடைக்கிறார்கள்.

முதலில் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒன்றுமில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து தூளில் கோடு விழும். கைப்பிடி வரவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒன்று தெரிந்தது. அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி பூசினார். தெரியவில்லை. மூன்றாவது முறையும் தெரியவில்லை. மேலோட்டமான கீறலாக இருந்து தேய்ந்து போயிருக்கலாம். தேய்த்ததில் வாய் மூடிக்கொண்டு உள்ளே இருக்கவும் இருக்கலாம். எதுவென்று பார்க்க ஒரே வழிதான். அதற்குப் பிறகு பார்ப்பதற்குக் கத்தி இருக்காது.

குழுவில் டீச்சர் கேட்டிருந்தார்: "எண்ணெயில் எப்படி?"

"நல்லா வந்தது" என்று அவர் எழுதினார்.

பழைய கட்டில் சட்டத்திலிருந்து மரம் எடுத்துக் கைப்பிடி போட்டார். மனைவி ஒரு காரட்டை வெட்டினாள். இன்னொன்றை வெட்டினாள். பிறகு பேசாமல் கூடையில் இருந்த எல்லாக் காரட்டையும் வெட்டி முடித்தாள். அன்று அவ்வளவு காரட் தேவையே இல்லை.

"இது பரவால்ல" என்றாள்.

மறுநாள் காலை அவரைக் கேட்காமலே அதைத் துணியில் சுற்றி வேலைக்கு எடுத்துப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்டார்: "இன்னிக்கு என்ன வெட்டின?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவர் கேட்டிராத கேள்வி. "முட்டைக்கோஸ். ஏன்?"

"சும்மாதான். எத்தனை?"

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். பூசணி என்றால் அவர் முகம் மாறும். எவ்வளவு பெரிசு, எப்படிப் பிளந்தாய், கத்தியைச் செருகித் திருகினாயா, ஒரே வெட்டாகவா என்று விவரமாகக் கேட்பார். அவளும் சொல்ல ஆரம்பித்தாள். காயிலிருந்து பேச்சு விடுதிக்குப் போயிற்று. வார்டனின் கஞ்சத்தனம், கூட வேலை செய்யும் அக்காவின் மூட்டு வலி, சாம்பார் வெங்காயத்தை உரிக்காமலே உரித்துவிட்டதாகச் சொல்லும் புதுப் பெண். அவர் டீ போட்டு வைத்துக்கொண்டு கேட்பார். சில நாட்கள் இருவரும் சிரித்தார்கள். வெளியூரில் கல்யாணமாகிப் போன மகள் போனில் கிண்டல் செய்தாள்: "என்னப்பா, அம்மா ஒரே பெருமை அடிக்கிறாங்க? தினமும் டீ போட்டு வச்சிட்டு 'இன்னிக்கு வேலை எப்படி'ன்னு கேக்கறீங்களாம்? இந்த வயசுல எந்தக் கோர்ஸ் படிச்சீங்க?"

அவர் சிரித்து வைத்தார். அந்தக் கேள்வியை நிறுத்தவும் முடியாது, அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லவும் முடியாது என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது. சொல்லாமல் விட்டால் ஒருநாள் அவள் கை போகலாம். சொன்னால் இந்தச் சாயங்காலங்கள் போகும். இரண்டில் எது அவரை அதிகம் பயமுறுத்தியது என்று யாராவது கேட்டிருந்தால், முதலாவது என்று உடனே சொல்லியிருப்பார். ஆனால் அவர் நடந்துகொண்டது அப்படி இல்லை.

ஆறாவது மாதம் ஒருநாள் மனைவி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "இன்னிக்கு அக்கா உங்க கத்திய கீழ போட்டுட்டாங்க. கல்லுத் தரையில. எனக்கு உயிரே போயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எடுத்துக் கழுவி வெட்டினேன். ஒண்ணும் ஆகல. ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

அந்த வாரமே அவர் பதினான்காவதை வெட்டியெடுத்த பழைய ரம்பத் தகட்டின் மிச்சத்தை எடுத்து அதே அளவில் வரைந்தார். முதல் பிரதி நெளிந்தது. இரண்டாவதில் சத்தம் கேட்டது. அதை ஒழுங்காக ஷெட்டுக்குக் கொண்டுபோய் உடைத்தார். மூன்றாவது எண்ணெயில் மௌனமாக இருந்தது. கதவைச் சாத்தி, பக்கத்து வீட்டு மெஷின் நிற்கும்வரை காத்திருந்து முக்கினார். எடுத்த பிறகும் வெகுநேரம் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த முதல் ஞாயிறு அது ஷெட்டின் மேஜை மேல் இருந்தது. வெல்டர் எடுத்துப் பார்த்தார்.

"என்ன கண்ணாடி, போன வருஷம் செஞ்ச அதே கத்தி! ஜெராக்ஸ் எடுக்கறீங்களா?"

"அதே மாதிரி இன்னொரு தடவை வருமான்னு பாக்கறேன்."

"ஒரிஜினல் பல்லு நல்லா இருக்கும்போது யாரும் பொய்ப்பல்லுக்கு அளவு குடுக்க மாட்டாங்களே" என்றார் பல் டாக்டர். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, மூன்று மாதமாகச் செதுக்கிக்கொண்டிருக்கும் கைப்பிடியை மறுபடி கையில் எடுத்தார். அவர் இதுவரை கத்தி என்று எதையும் முடித்ததில்லை. கைப்பிடிகள் மட்டும் பதினொன்று வைத்திருக்கிறார்.

"உங்க வாய்ல கத்தி இருக்கறதுதான் போதுமே டாக்டர், கையில எதுக்கு?" என்றார் வெல்டர்.

டீச்சர் சிரிக்கவில்லை. "பழசு எங்க இருக்கு?"

"வேலைல, டீச்சர். அவ கையில."

"ஒழுங்கா இருக்கா?"

"இருக்கு."

கிளம்பும்போது டீச்சர் வாசல் வரை வந்தார். "ஒரு நாள் அதைக் கொண்டு வாங்களேன். சும்மா பாத்துட்டுக் குடுத்துடறேன்."

"பாத்தா தெரியாது டீச்சர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. டீச்சர் சில வினாடிகள் அவரைப் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பிரதியை முடிக்க இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. இரும்பு ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. மீதிக் காலம் பழசின் தேய்மானத்தையெல்லாம் அதன்மேல் ஏற்றுவதற்கு. மனைவி தூங்கப் போன பிறகோ குளிக்கப் போன பிறகோ பழைய கத்தியை எடுத்து அளப்பார். கைப்பிடியில் அவள் கட்டைவிரல் தேய்த்த ஒரு பள்ளம் இருந்தது. அதே கட்டிலின் மரத்தில் அதே பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவந்தார். முதுகில் ஒரு சின்னக் கீறல், அதையும் போட்டார். ஒரு பொருளை இன்னொன்றின் இடத்தில் வெளியே தெரியாமல் உட்கார வைப்பதுதானே அவர் தொழில். எடையில் நாலு கிராம் கூடியது. அதைக் குறைத்தார். வாழ்க்கையில் அவர் செய்த மிக நேர்த்தியான வேலை அதுதான். அதன் முழு நோக்கமும் ஒருவர் கண்ணிலும் படாமல் போவது.

ஒரு ஞாயிறு சாயங்காலம் துணிச்சுற்றுக்குள் கத்தியை மாற்றி வைத்தார். பழசைப் பட்டறையில் மேல் பலகையில், ஒரு கந்தலில் சுற்றி வைத்தார்.

திங்கட்கிழமை மனைவி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் துணிச்சுற்றை மேஜைமேல் வைத்தாள்.

"இது யாரோடது?"

"உன்னோடதுதான்."

"என்கிட்டயேவா?" உட்கார்ந்தாள். "ரெண்டாவது முட்டைக்கோஸ்லயே தெரிஞ்சுபோச்சு. என் கத்தி எங்க?"

"சாணை பிடிச்சேன். அதான் கொஞ்சம் வேற மாதிரி..."

"சாணை பிடிச்சா சத்தம் மாறுமா?"

அவர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சத்தம்?"

"பலகையில படுற சத்தம். அதுக்குன்னு ஒண்ணு இருக்கு. இது வேற ஆளு மாதிரி இருக்கு."

"எப்படி? மொத்தமாவா, மெலிசாவா? அதிருமா?"

"எனக்கு என்ன தெரியும்? அது அதோட சத்தம். முதல் நாள்லேருந்து அப்படித்தான்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "என்ன விஷயம், சொல்லுங்க."

அவர் சொன்னார். எண்ணெய், சத்தம், குறடு, பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின், சாக்பீஸ் தூளில் தெரிந்து மறைந்த கோடு. சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. பதினாலு மாதம் சுமந்தது நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் கீழே இறக்கிய மாதிரி இல்லை.

"உடையுமா?"

"உடையலாம். உடையாமலும் போகலாம்."

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து."

அவள் விரலால் மேஜையில் எதையோ கோடு இழுத்தாள். அடுத்து அவள் எந்தக் கேள்விக்கு வரப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப தினமும் வந்து உக்காந்து, என்ன வெட்டின, எவ்வளவு வெட்டினன்னு கேட்டது..."

"ஆமா."

"என்னை விசாரிக்கல. கத்திய விசாரிச்சிருக்கீங்க."

"உன் கைக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான்..."

"அந்தப் பயம் இருந்தா முதல் நாளே சொல்லியிருப்பீங்க." அவள் சத்தம் போடவில்லை. "அக்கா கையிலயும் குடுத்திருக்கேனே. அவங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா? பொண்ணுகிட்ட வேற பெருமையா சொல்லி வச்சிருக்கேன்."

கீழே வைத்த டம்ளரை அவர் அவள் பக்கம் நகர்த்தினார். 

டீயைத் தொடாமல் அவள் கேட்டாள்: "உடைச்சுப் பாத்தா தெரியுமா?"

"தெரியும்."

"நல்லா இருந்துச்சுன்னா?"

"அப்பவும் உடைஞ்சது உடைஞ்சதுதான்."

"நல்ல தொழில் புடிச்சீங்க" என்றாள். எழுந்து செருப்பைக் கழற்றினாள். "அதை உடைக்க வேணாம். எனக்கும் குடுக்க வேணாம். இதையும் எடுத்துட்டுப் போங்க, என்னால இதோட சத்தத்தைக் கேக்க முடியாது. எங்க கிச்சன்ல பழைய கத்தி கெடக்கு, அது போதும்."

அன்று இரவு சாப்பாட்டில் குறை ஒன்றுமில்லை. மகள் போன் செய்தபோது மனைவி வழக்கம்போலப் பேசினாள். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்டிருப்பாள் போல, "இருக்கார்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் உள்ளே வந்தபோது அவர் வாயில் கேள்வி வந்து நின்றது. இன்னிக்கு என்ன... அதோடு நிறுத்திக்கொண்டார். இனி அதைக் கேட்க ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாமல் கேட்டால் அதுதான் உண்மையான கேள்வியாக இருக்கும். ஆனால் அவள் எப்படி நம்புவாள்? டீயைப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய் மெஷினைக் கதவுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரம் போயிற்று. குழுவில் வெல்டர் கேட்டார், "கண்ணாடி, மேஜை மேல என்ன?" அவர் பதில் போடவில்லை. மேஜைமேல் எதுவும் இல்லை. மேல் பலகையில் கந்தல் சுற்று இருந்தது. இரண்டு கத்திகளும் அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

ஒருநாள் இரண்டையும் எடுத்துப் பலகையில் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். அவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் கேட்டன. அவள் கேட்டது விரிசலையா, பதினாலு மாதப் பழக்கத்தையா? பழசை வைஸில் வைத்து இறுக்கினார். கைப்பிடியைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்தால் போதும், ஒரு வினாடியில் தெரிந்துவிடும். கையை வைத்தார். அவள் விரல் பள்ளம் அவர் கட்டைவிரலுக்குச் சின்னதாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டார். பிறகு வைஸைத் தளர்த்தி, கத்தியைத் துடைத்து, கந்தலில் சுற்றி மேலே வைத்தார். வேலை எதுவும் இல்லாமலே மெஷினைப் போட்டார். பட்டை வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது. அவர் மெஷினை நிறுத்தினார்.

"பூசணி" என்றாள் அவள், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"இருபத்தஞ்சு கிலோ. அந்த மொண்ணைக் கத்தியில. மணிக்கட்டு கழண்டுபோச்சு. கேக்க மாட்டீங்க. அதான் நானே சொல்றேன்."

குரலில் கோபம் இருந்தது. கோபம் மட்டும்தானா என்று கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கதவைத் திறக்க மெஷினை நகர்த்த வேண்டும். அதன் ஒரு கால் தரை வெடிப்பில் எப்போதும் சிக்கிக்கொள்ளும். தூக்கித்தான் எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் இன்னும் இறுகும்.

"கொஞ்சம் இரு" என்றார். "நகர்த்தறேன்."

அவர் குனிந்து காலைப் பிடித்துத் தூக்கினார். அது வரவில்லை. அந்தப் பக்கம் அவள் போய்விட்டாளா, நிற்கிறாளா என்று தெரியாமல் மறுபடியும் தூக்கினார்.